மன்றத்தில் சொன்ன அந்தத் தேத்தண்ணி

மேகம் இறங்கினால் எங்கள் மலையில் முதலில் காணாமல் போவது எதிர்மேட்டுத் தேயிலை. பிறகு கோயில் கோபுரம். பிறகு லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. கடைசியாக, நீட்டிய என் கையே யாருடைய கையோ போல் இருக்கும். அப்படி ஒரு மேகத்துக்குள்தான் இந்தத் தேத்தண்ணி விஷயம் தொடங்கியது. அதனாலோ என்னவோ, நினைக்கும்போதெல்லாம் இது நடந்ததா, கனவில் கண்டதா என்று எனக்கே ஒரு மயக்கம். நடந்ததுதான். லயமே சாட்சி.

அன்று விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் கம்போங் ராஜா ஊருக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்துக்குக் கீழே வளைவுக்கு வளைவு வண்டிகள் நின்றுவிட்டன. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள், மலை பார்க்க வந்தவர்களின் கார்கள், ஒரு பஸ். மேலேயிருந்து வண்டி எதுவும் தெரியவில்லை. மேகத்துக்குள் சிவப்பு விளக்குகள் மட்டும் வரிசையாக மங்கி எரிந்தன. கார்த்திகைக்கு யாரோ மலையைச் சுற்றி அகல் வைத்தது போல் இருந்தது.

"பாவம், குளிருல வெறைச்சிப் போயிருப்பாங்க," என்றார் சம்பந்தி.

சம்பந்தி என்றால் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். எங்களுக்கு அடுத்த வீடு. அதற்கும் முன்னால் நாங்கள் இருவரும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். செடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முதுகில் கூடை, நெற்றியில் அதன் கயிறு. அப்போதெல்லாம் 'ஏய்', 'வாடி', 'போடி'தான். பிள்ளைகளுக்குத் தாலி கட்டிய அன்றே அந்த 'டி' போய் 'நீங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. நாக்குக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆனது. இரண்டு பேருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். பேச்சுத் துணைக்கு வேறு யாரும் இல்லை. அதனால் சண்டைத் துணைக்கும் வேறு யாரும் இல்லை.

"தேத்தண்ணி போடலாமா?" என்றேன்.

கோயில் அண்டா கேஸ் அடுப்பில் நிற்காது. கோயில் கொட்டகையில் மூன்று கல்லை வைத்தோம். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. சம்பந்திதான் தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து தேயிலைக் கட்டைகளை அள்ளி வந்தார். பழைய செடிகளை வேரோடு பிடுங்கிப் புதுக் கன்று நட்டபோது, வேண்டாமென்று ஒதுக்கிய கட்டைகள். அவர் அவற்றைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார். சீக்கிரம் பற்றாது. பற்றிக்கொண்டால் நின்று எரியும். நாங்கள் கொழுந்து எடுத்த அதே செடிகள்தான் அவை.

தேத்தண்ணி போடுவதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. துரை வீட்டில் விருந்து என்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பால் கிடையாது, அதனால் வெறும் தேத்தண்ணி. கொல்லையில் பிடுங்கிய இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனியைக் கை கணக்கில் கொட்டினேன். சம்பந்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கோயில் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக் கீழே பாதைக்கு இறங்கினார். மேகம் அவரை விழுங்கும். கொஞ்ச நேரம் கழித்து காலி டம்ளர்களோடு திருப்பிக் கொடுக்கும். நான் மறுபடி ஊற்றுவேன். பிற்பகலில் மண்ணை ஒதுக்கி வழி விடும்வரை இப்படியே. நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கண்ணெல்லாம் புகை.

அதோடு அதை மறந்துவிட்டோம்.

பல மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் மருமகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தே! அத்தே! மன்றத்துல நம்மளப் பத்திப் பேசறாங்க!"

மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு ஒய்பி, அதாவது மன்ற உறுப்பினர், எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தொகுதிக்காரர்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது மார்க்கெட்டில் பேரம் பேசுகிற மலாய். மன்றத்து மலாய் வேறு, அது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. மருமகள்தான் தமிழில் சொன்னாள். மலையில் மண் சரிந்த ஒரு நாள், தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாய், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார். என்ன இனம், என்ன மதம் என்று பார்க்கவில்லை. பேர்கூடச் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு இந்த மன்றத்தில் என் வணக்கத்தைச் சொல்கிறேன். இதுதான் அவர் பேச்சு. மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தகரக் கூரையில் மழை விழுவது போல் கேட்டது.

"அது நாந்தான்," என்றேன்.

வாசலில் வந்து நின்ற சம்பந்தி, "குடுத்தது யாரு? நான் குடுத்தேன்," என்றார்.

"போட்டது யாருங்க?"

"போட்டு அங்கயே வச்சிருந்தா அது நடந்தா போயிருக்கும்?"

"தண்ணியையா குடுத்தீங்க? நான் போட்டதத்தான குடுத்தீங்க?"

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தே. என்னைய விட்டுருங்க லா."

ஒய்பி 'ஒரு தாய்' என்றுதான் சொன்னார். இரண்டு தாய் என்று சொல்லியிருந்தால் வம்பே இல்லை. லயத்தில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் சம்பந்தி பக்கம். கோயிலில் திருநீறு வாங்கும்போதுகூட அதே பேச்சு. பசியாற ரொட்டி சானாய் கடைக்குப் போனால் கடைக்காரர், "இதுல யாரு அந்த மன்றத்து அம்மா?" என்று சிரிப்பார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் முந்தானையைச் சரி செய்வோம்.

சிரிப்புக்குச் சொல்கிறேன், ஆனால் எனக்கு அது சிரிப்பில்லை. இத்தனை வயதில் என் பேரை இரண்டு பேர்தான் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி, வந்தேனா இல்லையா என்று பார்க்க. சாயங்காலம் கணக்கெழுதும் கிராணி, கொழுந்து நிறுக்க. நல்லது செய்தாய், முன்னால் வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததே அந்த மேசை தட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அது அடங்கவில்லை.

கண்ணை மூடினால் அந்த மன்றம் வந்தது. தரையெல்லாம் பச்சைக் கம்பளம். நடக்க நடக்க அது தேயிலை மேடாக ஏறுகிறது. கோட்டுப் போட்டவர்கள் நிரை நிரையாக இடுப்பளவு செடிக்குள் நிற்கிறார்கள். நான் கூடையோடு போகிறேன். கூடைக்குள் கொழுந்து இல்லை, ஆவி பறக்கிறது. எல்லாரும் வழி விடுகிறார்கள். மேலே உயர்ந்த நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறந்து என் பேரைச் சொல்லப்போகிறார். அங்கே விழித்துக்கொள்வேன். ஒரு தடவையாவது சொல்லி முடித்திருக்கலாம்.

திருவிழா முடிந்த வாரம் செய்தி வந்தது. அந்த ஒய்பியே தோட்டத்து மண்டபத்துக்கு வருகிறாராம். நல்ல காரியம் செய்தவர்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போடப்போகிறாராம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லித் தருகிற தம்பி, கோயில் பூசாரி, மேல்படிப்புக்குப் போகிற ஒரு பெண், அப்புறம் அந்தத் தாய். அந்தத் தாய் யார் என்று கோயில் தலைவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் எங்கள் இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு, "அன்னிக்கே தெரிஞ்சிக்கலாம்," என்று நழுவிவிட்டார்.

நான் மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டினேன். தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் புதுச் செருப்பும் வாங்கியிருந்தேன். மண்டபத்தில் முன் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சம்பந்தியும் அதே கல்யாணத்துப் பட்டில்தான் வந்தார். கதவைத் திறந்து வைத்திருந்ததால் மேகம் உள்ளே வந்து நாற்காலிக் கால்களுக்கிடையில் ஊர்ந்துகொண்டிருந்தது. மேடை மிதப்பது போல் தெரிந்தது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். கடைசியில் ஒய்பி தாமே ஒலிவாங்கியைப் பிடித்து, தமிழில், "மண் சரிஞ்ச அன்னிக்குத் தேத்தண்ணி குடுத்த அந்த அம்மா, தயவுசெஞ்சு மேல வாங்க," என்றார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சம்பந்தி பக்கத்தில் இருக்கும்போது முதல் இலையோ, முதல் தாம்பூலமோ, முதல் நாற்காலியோ எதையும் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'நீங்க' என்று சொல்லவேண்டும். அவர்கள் 'ஐயோ, நீங்கதான்' என்பார்கள். 'அதெப்படி, நீங்க' என்று இன்னொரு தரம். அவர்கள் கையைப் பிடித்துத் தள்ளுவார்கள். அப்புறம் முதலில் சொன்னவரே, வேறு வழியில்லாதது போல, எடுத்துக்கொள்ளலாம். கல்யாணம், காது குத்து, சாவு எல்லாவற்றிலும் இப்படித்தான். யாரும் மீறியதில்லை.

அதனால் நான் அசையாமல் உட்கார்ந்து, லயமே கேட்கும்படி, "சம்பந்தி, நீங்க போங்க," என்றேன். அடுத்து வரும் 'ஐயோ, நீங்கதான்' என்பதற்காகச் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேகத்துக்குள் போகிற அந்தப் பட்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கிய அதே நடை.

ஒய்பி அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இந்த அம்மாதான்!" என்றார். அன்றைக்கு ஒய்பியும் அந்த வண்டி வரிசையில் நின்றிருக்கிறார். கண்ணாடியைத் தட்டி டம்ளரை நீட்டியது இவர்தானாம். மேகத்தில் வந்து மேகத்திலேயே போனாராம். பொய்யில்லையே. அவர் பார்த்தது சம்பந்தியைத்தான். அடுப்பை விட்டு நகராதவளை யார் பார்ப்பார்கள்?

பொன்னாடை போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அப்போதுதான் அவர் கேட்டார். "அம்மா, அந்தத் தேத்தண்ணியில ஒரு வாசம் இருந்துச்சி. இன்னிக்கு வரைக்கும் நாக்குல இருக்கு. இஞ்சி தெரியும். இஞ்சி இல்ல, வேற ஒன்னு. என்ன போட்டீங்க?" ஒலிவாங்கியைச் சம்பந்தியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

சம்பந்தி முழித்தார். கண் நேராகக் கீழே என்னிடம் வந்தது. நான் கோபுரம் இருக்கிற பக்கமாகத் திரும்பி மேகத்தைப் பார்த்தேன்.

"அத சொல்றதுக்கில்ல ஒய்பி," என்றார் சம்பந்தி கம்பீரமாக. "அது எங்க வீட்டு ரகசியம்."

கூரை பறக்கச் சிரித்தார்கள். ஒய்பியும் கும்பிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையிலேயே சம்பந்தி வந்துவிட்டார், பொன்னாடையைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு. "என்னங்க போட்டீங்க? ஏலமா?"

"மன்றத்து அம்மாவுக்குத் தெரியாததா?" என்றேன்.

"கிராம்பா? துளசியா? சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

உண்மை என்னவென்றால் எனக்கும் தெரியவில்லை. இஞ்சியும் சீனியும் தவிர நான் எதையும் போடவில்லை. அவர் போன பிறகு கேஸ் அடுப்பில் அதே தூள், அதே இஞ்சி வைத்துப் போட்டுப் பார்த்தேன். நல்ல தேத்தண்ணிதான். ஆனால் அது இல்லை. ஏலம் போட்டேன், அது பாயசமாகிவிட்டது. துளசி போட்டேன், கஷாயம். தினமும் போட்டுக் குடித்துக் குடித்து எனக்கே வயிறு எரிந்தது. தினமும் அவரும் வந்து கேட்டார். நான் தெரிந்தவள் போல மௌனமாக இருந்தேன். அந்த மௌனம் எனக்கு ஒரு பொன்னாடை மாதிரிதான் இருந்தது.

ஒரு காலையில் மேகம் நன்றாக இறங்கியிருந்தது. எங்கிருந்தோ புகை வாசம் வந்தது. சம்பந்தி பின்கட்டில் வெந்நீர் வைக்கிறார். மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கோயில் கொட்டகை, அண்டா, எரியும் கண், எல்லாம் திரும்பி வந்தன. நேராகப் போய், "கொஞ்சம் தேயிலைக் கட்டை குடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"குளிருது."

மூன்று கல் வைத்து, மூடாத சட்டியில் தண்ணீரை ஏற்றினேன். எங்கள் பழைய செடி மெதுவாகப் பற்றியது. புகை எழுந்து நீருக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போவது போல் சுழன்றது. தூளைப் போட்டேன், இஞ்சியைப் போட்டேன், ஊற்றி நீட்டினேன். சம்பந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். அன்றைக்கு ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவர், தமக்கு ஒரு டம்ளர் எடுத்துக் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"இதுதானா அது? ஏய், என்னடி போட்ட? சொல்லித் தொலையேன்!"

அந்த 'டி' எத்தனை வருடம் கழித்து வருகிறது! எனக்கு முதுகில் கூடை ஏறினது போல் ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒன்றையும் மறைக்கத் தோன்றவில்லை.

"ஒன்னும் போடலடி. ஒன் கட்டைதான். அந்தப் பொகைதான்."

அவர் டம்ளருக்கு மேலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய்யி. எவளாச்சும் பொகையில தேத்தண்ணி போடுவாளா? சொல்ல இஷ்டமில்லன்னா விடு."

"சாமி சத்தியமாடி."

"சாமிய இழுக்காத. நான் மேடைக்குப் போயிட்டேன்னு கோவம் ஒனக்கு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை நம்பவில்லை. கோயிலிலும் கடையிலும், "என் சம்பந்தி கைக்கு ஒரு ரகசியம் இருக்கு, யாருக்கும் சொல்ல மாட்டேங்கிறா," என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். முன்பெல்லாம் 'மன்றத்து அம்மா' என்று அவரைத்தான் காட்டுவார்கள். இப்போது என்னையும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் முந்தானையைச் சரி செய்துகொள்கிறேன்.

காலையில் மேகம் இறங்கும்போது அவர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, கையில் இரண்டு கட்டையோடு வருகிறார். நான் தண்ணீர் வைக்கிறேன். போடும்போது என் கையையே உற்றுப் பார்க்கிறார், எதை எப்போது போடுகிறேன் என்று கண்டுபிடிக்க.