மகள் படித்த சுருக்கம்

நாளை எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. இன்று மதியம் இங்கே தில்லி மருத்துவமனையிலிருந்து அழைத்து, "அங்கிள்ஜி, ஸாத் மே கோன் ஆயேகா?", அதாவது கூட யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் செய்ய மாட்டார்களாம்.

"மகள் வருவாள்" என்று சொல்லிவிட்டு, குர்கானில் இருக்கும் அவளை அழைத்தேன்.

"நாளைக்கா? அப்பா, நான் இப்பதான் பெங்களூர்ல இறங்கினேன். முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"போன வாரமே வாட்ஸப்ல எழுதினேனேம்மா. நீகூட கட்டைவிரல் போட்டியே."



"தப்பா நினைக்காதீங்கப்பா. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நீங்க அனுப்பறதை ஏ.ஐ.ல போட்டு, இங்கிலீஷ்ல சுருக்கமா படிச்சுப்பேன். அன்னிக்கு, 'கண்புரை என்பது சாக்பீஸ் தூசி படிந்த ஜன்னல் மாதிரி என்று அப்பா அழகாக விளக்குகிறார்'னு வந்தது. அச்சா, நல்ல உதாரணம்னு நினைச்சேன்."

இரண்டு வருடமாகத் தினமும் அவளுக்கு எழுதுகிறேன். ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை.

அன்று எழுதியதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஜன்னல், பனிமூட்டத்தில் பேருந்து, பழைய கரும்பலகை என்று மூன்று உதாரணங்கள். "அடுத்த வாரம் அறுவை சிகிச்சை; நீ கூட வந்தால் தைரியமாக இருக்கும்" என்பது அவற்றுக்கெல்லாம் கீழே, கடைசியில் இருந்தது. இயந்திரம் அதை விட்டுவிட்டது. நான் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் சுருக்கியிருந்தால் பாதி மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன்; இதற்கு மனம் வரவில்லை.

இந்தப் பதிவைப் படிக்கும் நண்பர்களே, வழக்கம்போல் முக்கியமானதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு, மயூர் விஹாரிலிருந்து என்னோடு வர யாராவது இருக்கிறீர்களா?