பேச்சிச்செல்வியின் பட்டைக்கு ஒரு விளிம்பு

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றேகால் மணி. துறைமுகச் சாலையில், நான் வேலை பார்க்கும் கப்பல் முகவர் அலுவலகத்தில், ஒரு கப்பலின் சரக்கு விவரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கைபேசியில் அண்ணன் பெயர் வந்தது. பேசியது வேறு குரல்.

"யம்மா, இந்த போனு வச்சிருக்கவருக்கு நீங்க என்ன வேணும்?"

"தங்கச்சி."

"நான் பஸ் கண்டக்டர் பேசுதேன். எட்டயபுரத்துக்கிட்ட வண்டிய நிப்பாட்டியிருக்கோம். வீட்ல ஆம்பளையாளு யாரும் இருக்காவளா?"

அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணன் லிங்கராஜ் திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். மாரடைப்பு. ஜன்னலில் தலை சாய்ந்திருந்ததைத் தூக்கம் என்று நினைத்தார்களாம். அவன் பஸ்ஸில் தூங்குகிறவன் இல்லை. எங்கேயுமே ஓர் இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவன் இல்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், வெட்டிய தோலின் விளிம்புக்குச் சாயம் பூசும் பிரிவில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்து, மட்டக்கடைப் பகுதியில் இருந்த எங்கள் மளிகைக் கடையின் பின்பாதியில் பெல்ட், பர்ஸ், கைப்பை தைக்கத் தொடங்கினான். முன்னால் பருப்பு, பின்னால் தோல்.

"ஏலே, தொவரம்பருப்பு தோல் நாத்தம் அடிக்குன்னு ஆளுவ அடுத்த கடைக்குப் போறானுவ," என்பார் அப்பா.

"அங்க பருப்பு புழுத்த நாத்தம் அடிக்கும்ப்பா. திரும்பி வந்திருவானுவ."

யாரும் திரும்பி வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு முன்பாதியும் தோலுக்கே போனது.

தோலை வெட்டினால் வெட்டிய பக்கம் நார்நாராகத் தெரியும். அப்படியே விட்டால் தண்ணீர் குடிக்கும், பிரியும். உப்புத்தாளால் தேய்த்து, பிசின் தடவி, வழவழப்பான ஏதாவது ஒன்றால் அழுத்தித் தேய்த்து மினுக்கலாம். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஜாய்சன் கொடுத்த உடைந்த சங்கு ஒன்றை அதற்காக வைத்திருந்தான். தேன்மெழுகை உருக்கி ஏற்றலாம். சாயம் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசலாம். மெல்லிய தோலை விளிம்பின் மேல் மடித்துத் தைத்து மூடியும்விடலாம். எந்தப் பொருளுக்கு எது என்பதில்தான் அவன் நிம்மதி போகும். ஐப்பசியில் கடல் ஈரத்துக்குச் சாயம் லேசில் காயாது. காய்ந்ததா, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தே விரல்ரேகையைப் பதித்துவிடுவான். பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான்.

ஓட்டப்பிடாரத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா காப்பி கொடுக்கக் குனிந்தபோது இவன் அவருடைய பெல்ட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடி, "இது ரெண்டு மழைக்குத் தாங்காது மாமா," என்றான். அந்தச் சம்பந்தம் காப்பியோடு முடிந்தது. வேறு சம்பந்தங்களும் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயின. அவன் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வருந்த உட்கார வேண்டுமே.

பேச்சிச்செல்வி போன கோடையில் கடைக்கு வந்தாள். முத்தையாபுரத்துக்காரி. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் போட்டுத்தான் நடப்பாள். இரண்டு பக்கமும் கம்பி, தொடையில் ஒரு தோல்பட்டை, கெண்டைக்காலில் ஒன்று. உப்பளத்தை ஒட்டிய ஷெட்டில் உப்பு பாக்கெட் போடுகிற இடத்தில் அவளுக்கு மேற்பார்வை வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். தொடைப் பட்டையின் ஓரம் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. இன்னொரு தடவை புண் வந்தால் காலிப்பரையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலிப்பர் இல்லையென்றால் வேலை இல்லை.

அண்ணன் புதுப் பட்டை வெட்டி, விளிம்பைச் சங்கால் மணிக்கணக்கில் தேய்த்துக் கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கண்ணாடி மாதிரி இருக்கு. கண்ணாடி மாதிரியே அறுக்கு."

சாயம் பூசினான். மடங்குகிற இடத்தில் வெடித்துச் செதில் கிளம்பியது. மெழுகு ஏற்றினான். ஷெட்டின் வெக்கையில் இளகி உப்புத்தூளைப் பிடித்துக்கொண்டது. அதே மாதிரி இன்னொரு பட்டை வெட்டித் தன் தொடையில் கட்டிக்கொண்டு கடைக்குள் காலையிலிருந்து சாயங்காலம்வரை நடந்தான். ஒரு கீறல் இல்லை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே," என்று அவளிடமே சொன்னான்.

"நல்லாருக்கே. ஃபேனுக்குக் கீழ நடந்துட்டு ஒண்ணும் பண்ணலைங்கிய. ஷெட்டுக்கு வாங்க, உப்புக்குள்ள நடங்க, பெறவு சொல்லுங்க."

அவன் சிரித்தான். ஆனால் மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். வேட்டிக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு உப்புப் பாத்தி வரப்புகளில் உச்சிவெயிலில் நடந்திருக்கிறான். வேலை செய்த பெண்கள், என்ன நேர்ச்சை அண்ணாச்சி என்று கேட்டார்களாம். வீடு திரும்பும்போது காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏளா ஜெயா, புண்ணு வந்துட்டுளா!"

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? வா, மருந்து போடுதேன்."

"மருந்து கெடக்கட்டும். வேர்வையும் உப்புத்தூளும் சேந்து ஓரத்துல காஞ்சு உப்புத்தாள் கணக்கா ஆயிருது பாத்துக்க. நான் அதப் போயி இன்னும் இறுக்கமாத் தேச்சுக் குடுத்திருக்கேன். சதையில படுத இடத்துல வெட்டுன விளிம்பே இருக்கப்பிடாது."

மூடித் தைப்பதுதான் வழி என்று முடிவானது. அதற்கு மெல்லிய ஆட்டுத்தோல் வேண்டும். கையில் இல்லை. விற்பனைக்கு மாட்டியிருந்த ஒரு கைப்பையை இறக்கி, உள்ளே வைத்துத் தைத்திருந்த ஆட்டுத்தோலை அறுத்து எடுத்தான். பட்டையின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, ஆட்டுத்தோலைச் சொல்யூசன் தடவி ஒட்டி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் மடித்து, தையல் சதையில் படாமல் வெளியே வருகிற மாதிரி தைத்தான். தைத்ததைப் பிரித்து மறுபடியும் தைத்தான். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான். என் கன்னத்திலும் தேய்த்தான்.

அந்தப் பட்டையோடு போனவள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அவன் வாசலுக்கும் மேசைக்குமாக அலைந்தான். அதற்கடுத்த ஞாயிறு அவள் வந்தபோது புண் பொருக்குத் தட்டியிருந்தது.

"நேத்து ரெண்டு ஷிப்டு நின்னேன் அண்ணாச்சி. உங்கள ஒரு வாட்டிகூட ஏசல."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இவன் குனிந்து அவளுடைய கெண்டைக்கால் பட்டையைப் பார்த்தான். பழையது. ஓரம் நார் பிரிந்திருந்தது.

"இதயும் மாத்தணும்."

"அங்க புண்ணே இல்லையே. விடுங்க."

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு வரும். கழட்டிக் குடு."

"கழட்டிட்டு வீட்டுக்குத் தவ்வித் தவ்வியா போகச் சொல்லுதிய?"

அளவு மட்டும் எடுத்துக்கொண்டான். மறுநாளே புதுப் பட்டையை வெட்டிவிட்டான். கைப்பையில் மிஞ்சிய ஆட்டுத்தோல் முழுதுக்கும் போதவில்லை. கூரியரில் அனுப்பச் சொல் என்றேன். "அது வந்து சேருதவரைக்கும் நான் என்னளா செய்ய?" என்றான். விடிந்ததும் திண்டுக்கல் பஸ் ஏறினான்.

அண்ணனை வீட்டில் கிடத்தியிருந்தபோது பேச்சிச்செல்வி வந்தாள். பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் சுவரோரம் நின்றாள். ஒரு பெரியம்மா, "உக்காரு தாயீ, எம்புட்டு நேரம் நிப்ப," என்றாள். "நிக்கேன் பெரியம்மா. எனக்கு வலிக்கல," என்றாள். எடுக்கும்வரை நின்றாள். நான் அழுதது அப்போதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் சாயக் குப்பிகளை மூடினேன், திறந்தேன், இடம் மாற்றி வைத்தேன். பேச்சிச்செல்வியைக் கூப்பிட்டு, கெண்டைக்கால் பட்டையை வேறு யாரிடமாவது கொடுத்து முடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். "பழசே இருக்கட்டும் அக்கா, வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். தொடையில் புண் முழுக்க ஆறிவிட்டதாம்.

புதுக் கெண்டைக்கால் பட்டை மேசையில்தான் இருக்கிறது. மேல்விளிம்பில் ஆட்டுத்தோல் மடித்துத் தைத்தாகிவிட்டது. கீழ்விளிம்பு சீவிய நிலையில், ஒட்டாமல் இருக்கிறது.