வாகை மரத்தில் அவர் முகம்

என் கணவர் இறந்த வருடம் அவரைப் பாராட்டிக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எத்தனை கோயில் தேருக்குச் சிற்பம் செய்தவர், எத்தனை பேருக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்று பேசினார்கள். எல்லாம் உண்மைதான். அத்தனை பேருக்கும் இட்லி அவித்தவளுக்கு அதைக் கேட்கத்தான் தெம்பு இல்லை. படுக்கையில் கிடந்தவரைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு எப்போதோ போய்விட்டது.

அவர் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு மட்டும் ஆசையாகக் கிளம்பினேன். மாணவர்கள் வாகை மரத்தில் அவருடைய மார்பளவுச் சிலையைச் செதுக்கியிருந்தார்கள். எனக்கு அவர் முகம் வேண்டியிருந்தது. கண்ணை மூடினால் நோயில் கிடந்த முகம்தான் வந்தது, அதற்கு முந்தையது வரவே மாட்டேன் என்றது. வீட்டில் இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தில் எடுத்தது. அதில் இருப்பது யாரோ ஒரு பையன். கன்னம் உப்ப வெற்றிலை மென்றுகொண்டு என்னைக் கேலி பேசிய மனிதரை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கம் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள், சிலையைத் திறக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் கார் அங்கேயே நிற்கிறது என்று சைக்கிளில் வந்தவர்கள் சொன்னார்கள். கல்வராயன் மலையிலிருந்து நடந்தே வந்திருந்த மாணவி, "அவுரு வரலன்னா இன்னா? அம்மாவே தெறக்கட்டும்" என்றாள்.

துணியை இழுத்தேன்.

சாமி இருந்தது. நீளக் காது, வில் மாதிரி புருவம், வயதே இல்லாத சிரிப்பு. அதற்கு மேல் ஒரு மூக்குக் கண்ணாடி. அவரிடம் சாமி அளவையே படித்த கைகள், அவரையும் அந்த அளவில்தான் செய்திருந்தன. பின்னாலிருந்து யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இது யாருப்பா?" என்றேன்.

மூத்த மாணவருக்கு முகம் செத்துவிட்டது. "வாத்தியாருதாம்மா."

"ஒரு போட்டோ கேக்கக் கூடாதா?"

"போட்டோ இன்னாத்துக்கு, கண்ணுலயே நிக்கிறாரேன்னு இருந்துட்டோம்மா."

விருந்தினர் வரச் சாயங்காலம் ஆகும். பட்டறை பக்கத்திலேயே இருந்ததால் உளியும் அதை அடிக்கும் கொட்டாப்புளியும் மேடைக்கு வந்தன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்லச் செதுக்கினார்கள். காது ஜாஸ்தி என்றேன், குறைத்தார்கள். மூக்கு இவ்வளவு எடுப்பு இல்லை என்றேன், அதையும் குறைத்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு வாத்தியார் ஞாபகத்தில் இருந்தார். தாடை இப்படி இல்லை என்று மூத்தவரும் கழுத்து இப்படி இல்லை என்று மலையிலிருந்து வந்தவளும் சண்டை பிடித்துக்கொண்டே வெட்டினார்கள். மேடையெல்லாம் சிராய்.

"கன்னம் உப்பலா இருக்கும்பா. எந்நேரமும் வெத்தல போட்டுக்கினு இருப்பாரே" என்றேன்.

மூத்தவர் கையில் கொட்டாப்புளி நின்றது. "இனிமே உப்ப வெக்க முடியாதும்மா. மரத்துல எடுக்கத்தான் முடியும்."

இது எனக்குத் தெரியாததா? இத்தனை வருடம் ஒரு சிற்பியோடு குடித்தனம் செய்தவள். ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கன்னம் பெரியது, ஒரு கன்னம் சிறியது, அதையாவது சரி பண்ணுங்கள் என்றேன். இரண்டையும் சமமாக்க இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள்.

வெயில் இறங்கும்போது உளியை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒட்டிப்போன கன்னம், துருத்திய தாடை, குச்சிக் கழுத்து. இந்தத் தடவை யார் என்று நான் கேட்கவில்லை. அச்சாக அவரேதான். கஞ்சிகூட உள்ளே இறங்காத கடைசி மாதத்து மனிதர். எந்த முகத்தை மறக்க வந்தேனோ, அதையே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறேன்.

"இப்ப சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டார் மூத்தவர்.

"சரியா இருக்குதுப்பா."

உதட்டோரம் மரத்தூள் ஒட்டியிருந்தது. எழுந்துபோய் முந்தானையால் துடைத்துவிட்டேன்.