வரிசையில் பதினோராவது ஆள்

எங்கள் சபையில் ஜெபிக்காமல் ஒரு பெட்டியைக்கூடத் தூக்க மாட்டார்கள். அந்தப் பழக்கமே திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எங்கள் காலை வாரிவிடும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இலங்கை மலையகத்திலிருந்து பதினொரு பேர் புறப்பட்டிருந்தோம். கேரள மலையில் இருக்கும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் ஒழுகும் லய வீடுகளுக்குக் கூரை மாற்றுவது, பிள்ளைகளுக்குப் பத்து நாள் வேதப் பாடம் நடத்துவது, இதுதான் ஊழியம். எல்லாருக்கும் விசா விண்ணப்பம் நிரப்பியவன் நான். ஊழியத்துக்கென்று தனி விசா உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். நான் 'சுற்றுலா' என்று போட்டுவிட்டேன். போதகரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விமானத்தில் இருக்கை இருக்கையாகக் குனிந்து, "கேட்டா சுத்திப் பார்க்க வந்தோம்னு மட்டும் சொல்லுங்க" என்று ஓதிவைத்தேன். கடைசி இருக்கையில் இருந்த எங்கள் சபை ஆன்ட்டி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவருடைய அக்கா, தன் கணவரோடு கப்பலேறி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் போனக்காட்டில் ஒதுங்கினார். நாற்பது வருடமாக இருவரும் நேரில் பார்த்ததில்லை. நாங்கள் கூரை மாற்ற வந்தோம். ஆன்ட்டி அந்த முகத்தைப் பார்க்க வந்தார்.

"பொய் சொல்லணுமா தம்பி?"

"சொன்னதைச் சொல்லுங்க ஆன்ட்டி, போதும்" என்று எரிந்து விழுந்தேன்.

இவ்வளவு ஓதியும், குடிவரவு மண்டபத்தில் கால் வைத்ததும் போதகர் கையை உயர்த்தினார். நாங்களும் பழக்கதோஷத்தில் கை கோத்து வட்டமாக நின்றோம். "ஆண்டவரே, போனக்காட்டில் உம்முடைய ஊழியத்தைச் செய்ய எங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்தீரே" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி ஜெபித்தார். நானும் ஆமென் என்றேன். கண்ணைத் திறந்தபோது, எதிரே மேசையில் இருந்த அதிகாரி வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "எந்தினா வந்தது? என்ன காரியம்?" கோவளம் பார்க்க என்றார் முதல் ஆள். போதகரும் கோவளம் என்றார். நானும்தான். அதிகாரி ஒவ்வொரு முகத்தையும் தேவைக்கு மேல் சற்று நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். யாராவது ஒருவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார் போலும்.

ஆன்ட்டிதான் பதினோராவது. நான் அந்தப் பக்கம் தாண்டி நின்றேன்.

"ஊழியத்துக்கு வந்திருக்கேங்க சார். அப்படியே எங்க அக்காவையும் பார்க்கணும்."

அதிகாரி அவருடைய பாஸ்போர்ட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு என்னைக் கையசைத்து அழைத்தார். "இந்த அம்மா நிங்க கூட்டத்தில உள்ளதாணோ?"

ஆமாம் என்றால் எல்லாருக்கும் அதே கதிதான். ஆன்ட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். ஒரே பிளேன்ல வந்தாங்க, அவ்வளவுதான்."

நாங்கள் கை கோத்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மெல்லத் தலையாட்டினார். "வந்த பிளேன்ல தன்னே திருப்பி அனுப்பும்" என்றார், நான் கேட்காமலே. ஒரு பெண் காவலர் வந்து ஆன்ட்டியை உள்ளே அழைத்துப் போனார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நடந்தேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. கம்பித் தடுப்பின் ஓரத்தில் ஆன்ட்டியின் முகமே, இன்னும் ஒடுங்கிப்போய், நின்றுகொண்டிருந்தது. தங்கை மலையேறி வரும்வரை அக்காவுக்குப் பொறுக்கவில்லையாம்; காலையிலேயே தோட்டத்து ஜீப்பில் இறங்கி வந்துவிட்டாராம்.

"தங்கச்சி பின்னாடி வருது அல்லே மோனே?"

போதகர் வேன் ஓட்டுநரிடம் ஏதோ கேட்பதுபோல நகர்ந்துவிட்டார்.

"பெட்டி வர லேட்டாகுதும்மா" என்றேன்.

"சாரமில்ல, பரவால்ல. நான் நிக்கறேன்."

முக்கால் மணி நேரம் வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அருகில் போனேன். இரண்டு முறையும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விமானம் எழும்பிக் கடல் பக்கம் போனது.

"அவ வந்த பிளேனா அது?"

"ஆமாம்மா."

அவர் அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "மகராசனா போகட்டும்" என்றார். "என் தங்கச்சியக் கொண்டுவந்து சேர்த்துச்சே."