பட்டாளத்து முறுக்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனது. இதில் எது உன் வயிற்றில் பிறந்தது என்று யாராவது கேட்டால், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். இதுவரைக்கும் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.

படிப்பு மூன்றாவதோடு சரி. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். காலாப்பட்டு யூனிவர்சிட்டிக்குப் படிக்கப் போகிறவள். அவளும் அவள் கூட்டாளிகளும் எல்லையில் இருக்கிற ஜவான்களுக்குப் பார்சல் அனுப்புகிறார்களாம். எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டி. சோப்பு, காலுறை, பிஸ்கெட், பல் விளக்கும் பேஸ்ட். நேற்று வந்து, "ஆயா, நீ கொஞ்சம் முறுக்கு சுத்திக் குடேன், அதையும் வச்சி அனுப்பலாம்" என்றாள். பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கினபோதுதான் இது ஞாபகத்துக்கு வந்தது. நிதானமாகத்தான் சொல்வேன். அவளும் நிதானமாக எழுதட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போய்க் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. வடக்கே பனிமலையில் சண்டை. எங்கள் தெருவில் மில்லுக்குப் போகிற குடும்பங்கள்தான் அதிகம். என் அப்பாவுக்கும் மில்லில்தான் வேலை. அப்பாவுடைய தம்பி, என் சித்தப்பா, பட்டாளத்தில் சேர்ந்து அந்த மலையில் இருந்தார். அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பா அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை, தாயும் இல்லை. அம்மாதான் தலை வாரி, சோறு போட்டு, வேண்டிய மட்டும் அடியும் போட்டு அவரை ஆளாக்கினாள். லீவில் வந்தாரென்றால் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக அடுப்படிக்குத்தான் போவார், சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க. கட்டிக்கொண்ட சித்தி கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். பாவம், கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு லீவு.

பட்டாளத்துக்குப் பார்சல் அனுப்புகிற வேலையை ஆரம்பித்தது மதாம். எங்கள் தெரு முனையில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தச் சொல்தா செத்துப்போய் அவர் பெண்சாதி மட்டும் இருந்தார். நிறம் எங்களைப் போலத்தான், பேச்சும் எங்களைப் போலத்தான். ஆனாலும் குடையும் குதிகால் செருப்புமாக அவர் நடக்கிற நடைக்குத் தெருவே, பிரெஞ்சுக்காரியைக் கூப்பிடுவதுபோல, மதாம் என்றுதான் கூப்பிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டார். வயிற்றுக்கு ஆகாதாம்.

மதாம் வீட்டு வராந்தாவில் காலி பிஸ்கெட் டின்கள் சேர்ந்தன. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் மில்லிலிருந்து கறை பட்ட காடாத்துணி வாங்கி வந்தார்கள். தையல்கடை பாய் வீட்டு அம்மா, அவளைப் பாயம்மா என்போம், டின்னைச் சுற்றித் துணியை இழுத்துப் பிடித்துத் தைப்பாள். அப்படித் தைத்து அரக்கு வைத்தால்தான் தபாலாபீசில் வாங்குவார்கள். சித்தி அவளுக்கு ஊசி கோத்துக் கொடுப்பாள். முறுக்கு மட்டும் எங்கள் வீட்டில். அம்மாவுடைய கைச்சுற்றுக்கு அந்தப் பக்கமெல்லாம் பெயர்.

முதல் தடவை அனுப்பின முறுக்கு, ரயில் ஏறி இறங்குவதற்குள் மாவாகிவிட்டதாகச் சேதி வந்தது. "பரவால்ல, பட்டாளத்தாரு கரண்டி போட்டுத் தின்னிருப்பாங்க" என்று பாயம்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த தடவை டின்னில் ஒரு அடுக்கு முறுக்கு, சந்து பொந்தெல்லாம் பொரி, அதன்மேல் மறுபடி முறுக்கு என்று அடைத்து மூடி, தெருவில் வைத்து என்னை உதைத்து உருட்டச் சொன்னாள். உடைந்தது எனக்கு, முழுசு பட்டாளத்துக்கு என்பது பேச்சு. அதனால் நானும் மனசு வைத்துத்தான் உதைத்தேன். திறந்து பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை. தெருவே அம்மாவை மெச்சியது. எனக்கு அழுகை வந்தது.

டின்மேல் யார் பெயரும் எழுதக்கூடாது. எந்த மலையில் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவருக்கு. சித்திக்குக்கூட அதில் கொஞ்சம் வருத்தம். "யாரு தின்னா என்னாடி, அவன் பக்கத்துல ஒருத்தன் பிரிச்சா இவனுக்கு வாசனையாவது வராதா" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தந்தி வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். சித்தப்பாவைக் காணவில்லையாம். செத்துப்போனார் என்றும் இல்லை, பிடிபட்டார் என்றும் இல்லை. காணவில்லை, அவ்வளவுதான். பெரியவர்கள் எல்லாம் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் காணாமல் போகிற எதுவும் அம்மா தேடினால் கிடைத்துவிடும். அப்பாவுடைய மில் சீட்டு, என் ஒற்றைக் கொலுசு, எல்லாம் அப்படிக் கிடைத்ததுதான். அம்மா ஏன் இன்னும் தேடப் போகாமல் இருக்கிறாள் என்றுதான் யோசித்தேன்.

அந்த வாரம் அடுத்த பார்சல் போகவேண்டும். செத்த வீட்டில் ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. நாள் கிழமை என்றாலும் பலகாரம் சுடக்கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிடவேண்டும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீடு செத்த வீடா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தெருப் பெண்கள் வந்து பக்குவமாகப் பேசிப் பார்த்தார்கள். இந்தத் தடவை அடுப்பை மதாம் வீட்டில் போட்டுக்கொள்ளலாமே என்றார்கள். ஒருத்தி மட்டும், துக்க வீட்டுப் பலகாரம் பட்டாளத்துக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டாள். அம்மா அரிசியை எடுத்து ஊறப் போட்டாள்.

மறுநாள், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற கதிர்காமத்திலிருந்து, அப்பாவுக்கு அண்ணன், என் பெரியப்பா, சைக்கிளில் வந்தார். அப்பா மில்லுக்குப் போயிருந்தார். பெரியப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சித்தி மூலையில் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு மூத்தவரிடம் அந்தக் காலத்தில் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். நடுவில் ஒரு பிள்ளையை நிற்கவைத்து, அதனிடம் சொல்வதுபோல் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளை நான். இரண்டு பேருக்கும் நடுவில் எட்டே அடி. எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை வந்தால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

"ஒங்க அம்மாகிட்ட சொல்லு. கவர்மென்டே காணோம்னு சொல்லிட்டுது. பனியில போனவன் இனிமே எங்க வரப் போறான். ஒரு நாள் பாத்துக் காரியத்தப் பண்ணிடலாம்."

நான் திரும்பி, "காரியத்தப் பண்ணிடலாமாம்" என்றேன்.

"எந்தக் காரியம்னு கேளு."

"எந்தக் காரியம்னு அம்மா கேக்குது, பெரியப்பா."

பெரியப்பா மூலையில் இருந்த சித்தியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பொண்ண பொட்டும் பூவுமா எத்தினி நாளைக்கு வச்சிருக்க முடியும்? நாலு பேரு கேக்கறாங்க. என்னால பதில் சொல்ல முடியல."

நான் அதையும் ஒப்பித்தேன். பெரியவர்கள் என்னை நம்பி இவ்வளவு பேசுகிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புடைக்கிற சத்தம் நின்றுபோனது. சித்தி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தலையில் கனகாம்பரம்.

அம்மா கையைக் கழுவினாள். பெரிய சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்து, எண்ணெயை முழுக்க ஊற்றினாள். விறகை உள்ளே தள்ளினாள். பிறகு நிலைப்படிக்கு வந்து, என்னைத் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, பெரியப்பாவை நேராகப் பார்த்தாள்.

"செத்த வூட்லதான மாமா, எண்ணெச் சட்டி வைக்கக் கூடாது? வச்சிட்டேன். காயுது. இருந்து ரெண்டு முறுக்கு சாப்ட்டுட்டுப் போங்க."

அம்மா குரலைத் தூக்கவில்லை. பெரியப்பாதான் எழுந்துவிட்டார். ஊர் காறித் துப்பும் என்று ஒங்க அம்மாவுக்குச் சொல்லு என்றார், என்னிடம். அம்மா பக்கத்தில்தான் நின்றாள், இருந்தாலும் சொன்னேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

எண்ணெய் வாசனை தெருவுக்குப் போயிற்று. அதைவிட வேகமாகச் சேதி போகாது. கொஞ்ச நேரத்தில் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். டின்கள் கையில் இருந்தன. ஆனால் ஒருத்தியும் படியேறவில்லை. இதைத் தொடலாமா, தொட்டால் பட்டாளத்துக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அவர்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறுக்கைச் சுற்றினாள், போட்டாள், திருப்பினாள், எடுத்தாள். முதல் ஈடு தட்டில் குவிந்தது.

அப்போது கூட்டத்தைக் குடையால் விலக்கிக்கொண்டு மதாம் வந்தார். செருப்பை வெளியே விட்டார். நேராக அடுப்படிக்குள் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மணைப்பலகையில் உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். ஊதி ஊதி ஒரு கடி கடித்தார். பச்சைத் தண்ணீர் குடிக்காத மதாம், நிதானமாக மென்று விழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

"சேக்கறேன், மதாம்" என்றாள் அம்மா.

மதாம் அந்த முறுக்கைத் துளி விடாமல் தின்று முடித்தார். பிறகுதான் பாயம்மா உள்ளே வந்து ஒன்றை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. துக்க வீட்டில் சுட்டதை யாராவது இப்படிக் கேட்டு வாங்கித் தின்பார்களா. தெருவே தின்றது. பட்டாளத்துக்குப் போவதை எச்சில் பண்ணக்கூடாது என்கிற சட்டம் இன்றைக்கு இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் கையை நீட்டினேன். புறங்கையில் பட்டென்று ஒன்று விழுந்தது. "பட்டாளத்துக்குடி" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எந்தப் பண்டிகை வந்தாலும் தெருவில் முதல் சட்டி எங்கள் வீட்டில்தான் ஏறியது. பார்சல் வேலை நின்ற பிறகும் அப்படித்தான். சுட்டதை அம்மா எல்லாருக்கும் கொடுப்பாள், அவள் மட்டும் வாயில் வைக்கமாட்டாள். எண்ணெய்ப் புகையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பாள். சித்தி பொட்டும் பூவுமாகத் தினமும் பாயம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். டின்னுக்குத் துணி தைக்க உட்கார்ந்தவள், ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டாள், பிறகு பாவாடை, பிறகு கவுன். மூலையில் உட்காரவைத்திருந்தால் அந்தத் தெருவைக்கூட அவளால் தாண்டியிருக்க முடியாது. மதாம் போய்ப் பேசி, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. முதல் நாள் அவள் குடை பிடித்துக்கொண்டு போனதை அம்மா முனை திரும்புகிறவரைக்கும் வாசலில் நின்று பார்த்தாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மா எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

எனக்கு அப்போது பாவாடை தாவணி போடுகிற வயது வந்திருந்தது, ஆனாலும் வயிறுதான் முன்னால் நிற்கும். ஏன் சுடவில்லை என்று சண்டைக்குப் போனேன். கை வலிக்கிறது என்றாள். சாயங்காலம் பாயம்மா ஒரு தூக்கில் அதிரசம் கொண்டுவந்தாள். மதாம் தட்டை மூடிக் கொண்டுவந்தார். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பண்டிகை அவசரம், சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சித்தி அம்மாவுடைய இன்னொரு பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா வீட்டில் ஒன்றும் சுடாத வருஷம் இத்தனை பலகாரமா என்று நான் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டிலிருந்துதான் சொல்லாமல் எழுந்து போவார்கள் என்பது எனக்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போய் வந்தபோதுதான் உறைத்தது. தந்தி வந்த அன்றைக்கே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அழுகையைக்கூட, சித்தி வேலைக்குப் போகிறவரைக்கும், அவளுக்காக எடுத்து வைத்திருந்தாள். அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் எங்கள் சட்டிதான் முதலில் ஏறியது, அம்மாவும் ஒரு முறுக்கு தின்றாள்.

சட்டி வைக்காத அந்தத் தீபாவளி ராத்திரி எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும். வயிறு நிறைந்த பிறகு அம்மாமேல் இரக்கம் வந்தது. நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து அவள் கையை இழுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். இங்கேயா வலிக்குது, இங்கேயா என்று விரல் விரலாகக் கேட்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

போதும், பாப்பா. எண்ணெய் காய்ந்துவிட்டது. நான் சுற்ற ஆரம்பிக்கிறேன், நீ எழுதினதை முதலிலிருந்து வாசி. சட்டி சத்தத்தில் எனக்குக் கேட்காது, கொஞ்சம் உரக்கவே வாசி.