செவந்தி ஆற்றைக் கடந்த வாரம்

பத்திரிகை என்றால் அதில் முதலாளி பெயர் இருக்கும், ஆசிரியர் பெயர் இருக்கும், கதை எழுதியவர் பெயரும் இருக்கும். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் பெயரை எவன் போட்டான்? பதினேழு வருடம் ‘கடற்கரை மித்திரன்’ வார இதழின் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் பொறுக்கி வைத்த சுலைமானின் பெயர் அந்த இதழில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வராவிட்டால் போகிறது, இங்கே சொல்லிவிடுவோம்.

சூலியா தெருவில் நாகூர் தர்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் அச்சகம். கீழே இயந்திரம், மாடியில் எழுத்துப் பெட்டிகள். சுலைமான் பினாங்கிலேயே பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பேனா பிடித்தால் கோழி கிளறியது போல இருக்கும். ஆனால் ஈயத்தில் இடவலம் மாறி நிற்கும் எழுத்தை, நீங்களும் நானும் நேர் எழுத்தைப் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். எழுதி வந்த தாளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுப்பார். வாய் சொன்னதை விரல் பெட்டியிலிருந்து எடுத்துவிடும். எந்த எழுத்தை எடுத்தோம் என்று மனிதர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவர் மானத்தை வாங்கப் போகிறது.

ரப்பர் விலை செத்துக் கிடந்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களைப் பினாங்குக்குக் கொண்டுவந்து, டிப்போ என்கிற முகாமில் தங்கவைத்து, நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பத்திரிகை முழுக்க ரப்பர் விலை, கப்பல் தேதி, மூடிய தோட்டங்களின் பெயர். அழுகிற வீட்டில் ஒரு மூலையில் விளக்கு எரிவது போல, மூன்றாம் பக்கத்தில் மட்டும் செவந்தி இருந்தாள்.

செவந்தி ஒரு தொடர்கதையின் நாயகி. தோட்டத்தில் கங்காணியின் அட்டூழியம் தாங்காமல் கைக்குழந்தையோடு ஓடி வந்தவள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பிச்சைமுத்து வாரம் தவறாமல் எழுதி அனுப்புவார். இருபத்திரண்டு வாரம் சுலைமான் அவளைக் கோத்தார். அவள் பசியில் இருந்த வாரம் இவருக்குச் சோறு இறங்காது. இருபத்திரண்டாம் வார முடிவில் ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது, பின்னால் கங்காணியின் ஆட்கள். இடுப்பில் குழந்தையோடு கரையில் நின்றாள் செவந்தி.

அதோடு சரி! அடுத்த வாரம் கதை வரவில்லை. கிராணிக்கே வேலை போய், முந்தைய கப்பலில் அவரையும் ஏற்றிவிட்டார்கள் என்று செய்திதான் வந்தது.

முதலாளி முகம்மது கனி கையை உதறினார். “போனது போகட்டும்லா. சோத்துக்கே தாளம் போடுற நேரத்துல கதை யாருக்கு வேணும்? அந்த எடத்துல ரப்பர் விலையப் போடு.”

சுலைமான் போட்டார். முதலாளி சொல்வதும் நியாயம்தானே என்றுகூடத் தோன்றியது. ஊரே கரையில் நிற்கும்போது ஒரு காகிதப் பெண் நின்றால் என்ன, போனால் என்ன?

அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். வெறுங்கால், தோட்டத்துச் சேலை, முப்பது வயது. கையில் கதை இல்லாத அந்த இதழ், எண்ணெய்ப் பலகாரம் மடித்த மாதிரி கசங்கியிருந்தது.

“அண்ணே, என் பேரு சின்னம்மா. சுங்கை பாக்காப்புலேருந்து வந்துருக்கோம். டிப்போவுல இருக்கோம், நாப்பது பேரு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறது நான் ஒருத்திதான், வாராவாரம் மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன். இதுல செவந்தியக் காணோமே?”

“கதை நின்னு போச்சும்மா. எழுதுனவரு கப்பலேறிட்டாரு.”

“எங்க கிராணிதான்ணே, தெரியும். அவரு போனா என்னண்ணே? அது ஆத்தத் தாண்டிருச்சா இல்லையா?”

சுலைமான் கையிலிருந்த எழுத்தைப் பெட்டியில் போட்டார். முதலாளி சொன்னதையே சொல்லி வைத்தார். “இப்ப ஊரு கெடக்குற கெடப்புல கதை எதுக்கும்மா? அதான் ரப்பர் விலை போட்டுருக்கோம், அதப் படி.”

அவ்வளவுதான், சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ரப்பர் வெல எங்களுக்குத் தெரியாதாண்ணே? அந்த வெலதானே எங்களக் கொண்டாந்து டிப்போவுல போட்டுருக்கு! அதைச் சொல்றதுக்கு ஊருல ஆயிரம் பேரு இருக்கான். செவந்திக்கு என்னாச்சுன்னு நீங்க ஒருத்தருதான் சொல்லணும். சனிக்கெழம எங்களுக்குக் கப்பல். ஊருல போயி என்ன பண்ணப் போறோம், யாரு சேத்துக்குவா, ஒண்ணும் தெரியல. செவந்தியாவது கரையேறிருச்சுன்னு தெரிஞ்சா, நாங்களும் ஒரு தெம்போட ஏறுவோம்ல?”

 அழுகையைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டாள்.

சுலைமான் சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். நாளைக்கு வருகிற இதழ்தான் அந்த நாற்பது பேர் பினாங்கில் பார்க்கப் போகிற கடைசி இதழ். அதில் வராவிட்டால் செவந்தி அவர்களுக்கு ஆயுசுக்கும் வெள்ளக்கரையிலேயே நிற்பாள்.

மத்தியானம் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். “நீ கம்பாசிட்டரா, கதாசிரியரா?” என்று ஒரே கேள்வி. பதிலுக்கு நிற்காமல் முதலாளி விலைவாசித் தந்தி வாங்கக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்றபடி இன்னொன்றும் சொன்னார்: மார்க்கெட் தெரு ஜவுளிக்கடை விளம்பரம் இந்த வாரம் கிடையாதாம், மூன்றாம் பக்கத்தில் அந்த இடத்தைப் பழைய தைல விளம்பரத்தால் அடைத்துவிட வேண்டுமாம்.

ஆக, ஓர் இடம் காலி! அதுவும் செவந்தியின் பக்கத்திலேயே.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? சுலைமான் எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். எழுதி வந்த தாள் கிடையாது, தாளில் எழுதவும் அவருக்கு வராது. நேரே ஈயத்திலேயே கதையைத் தொடங்கிவிட்டார். இதை எத்தனை எழுத்தாளர்கள் செய்வார்கள், சொல்லுங்கள்! அதிலும் ஒரு சங்கடம். மற்றப் பக்கங்களையெல்லாம் கோத்து முடித்தாகிவிட்டது. கப்பலும் ரப்பரும் சேர்ந்து ‘ப்’ எழுத்தை மருந்துக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதனால் செவந்தி தப்பிக்க முடியாது, கரையேறலாம். அப்பனைக் கூப்பிட முடியாது, ஆத்தாளைக் கூப்பிடலாம். கெட்ட செய்தி தின்றது போக மிஞ்சிய எழுத்துகளை வைத்து ஒரு பெண்ணை வெள்ளத்திலிருந்து மீட்டுக்கொண்டிருந்தார் மனிதர்.

மீட்பது லேசாகவா இருந்தது? அவள் தண்ணீரில் இறங்கும் இடம் வந்தது. இழுப்பு பலமாக இருக்குமே, குழந்தை நனையுமே என்று சுலைமானுக்கு மனம் பதறியது. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, விரல் எடுத்துக்கொண்டே இருந்தது. கதை முடிந்து, பக்கத்தைக் கட்டிக் கீழே இறக்கி, இயந்திரமும் ஓடத் தொடங்கிவிட்டது. திருட்டுத்தனமாகச் செய்த வேலையாயிற்றே, புரூஃப் எடுத்துப் படிக்க யார் இருக்கிறார்கள்?

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே தீர வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து முதலாளி பள்ளிவாசல் படி இறங்கும்போது யாரோ சிரித்தபடி கேட்டிருக்கிறார்கள்: “என்ன கனி, ஒங்க செவந்தி இஸ்லாத்துக்கு வந்துட்டாளாமே?”

மாடிக்கு ஏறி வந்த முதலாளி இதழை எழுத்துப் பெட்டியின் மேல் போட்டார். “படிலா! வாய்விட்டுப் படி!”

சுலைமான் படித்தார். “செவந்தி குழந்தையைத் தோளில் ஏற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி வலது காலை ஆற்றில் வைத்தாள்.”

படித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சின்ன வயதில் படகில் கால் வைக்கும்போதெல்லாம் தாயார் ஹாஜரா சொல்லச் சொன்ன வார்த்தை அது. நேற்று செவந்தியோடு அவரும் அல்லவா ஆற்றில் இறங்கியிருக்கிறார்! வாய் பிஸ்மி சொல்லியிருக்கிறது, சொன்னதை விரல் எடுத்து வைத்துவிட்டது. இருபத்திரண்டு வாரம் முனியாண்டியையும் மாரியாத்தாளையும் தவிர வேறு யாரையும் கூப்பிட்டறியாத பெண் அவள்.

“கேக்காமக் கதை எழுதுனது ஒரு தப்பு. அது கெடக்கட்டும்,” என்றார் முதலாளி. கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. “ஊருக்குத் திரும்பிப் போற ஏழைபாழைங்க, கையில இருக்குறது அவங்க சாமி ஒண்ணுதான். அதையும் துலுக்கன் பேப்பர்க்காரன் புடுங்கிட்டான்னு நெனச்சுட்டா? இத்தனை வருசம் ஒரு சொல்லு வாங்கியிருப்பேனா? நாளைக்குக் கப்பலுக்கு முந்தி போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு. அவங்க மன்னிச்சாத்தான் ஒனக்கு இங்க வேலை.”

நியாயமான மனிதர்தான் முகம்மது கனி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். சுலைமானுக்கு வேலை போகுமே என்ற கவலை இல்லாமல் இல்லை. அதைவிட, தெம்பு கேட்டு வந்தவளின் மனத்தைப் புண்படுத்திவிட்டோமே என்பதுதான் அறுத்தது.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் கூட்டம். கப்பல் தள்ளி நின்றது, படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தகரப்பெட்டி, பாய்ச்சுருள், தூங்கும் பிள்ளைகள். வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற சின்னம்மாவைக் கண்டுபிடித்து எதிரில் போய் நின்றார் சுலைமான்.

“தங்கச்சி, அந்தக் கதையில...”

“அண்ணே!” என்று கத்தியேவிட்டாள் சின்னம்மா. “தாண்டிருச்சேண்ணே! நேத்து மூணு வாட்டி படிக்கச் சொல்லிட்டாங்க. கெழவன் கெழவியெல்லாம் கை தட்டுச்சு!”

“இல்லம்மா, அதுல ஒரு வார்த்தை தப்பா...”

“எது, பிஸ்மியா? அதுல என்னண்ணே தப்பு? நாங்க வர்றப்போ நடுக்கடல்ல பொயலு. கப்பல்ல இருந்த அத்தன பேரும் நாகூர் ஆண்டவரைத்தான் கூப்பிட்டோம். செவந்தியும் கப்பல்ல வந்த பொண்ணுதானே? தண்ணியில எறங்குறப்போ அவரைக் கூப்பிடாம வேற யாரக் கூப்பிடும்? சாயந்திரம் நாப்பது பேரும் சூலியா தெரு தர்காவுக்குப் போயி சக்கரை வச்சு ஓதிட்டுத்தான் வந்தோம். இப்பப் போற எடமும் நாகூருக்குப் பக்கந்தானேண்ணே!”

சுலைமானுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

படகுக்காரன் அதட்டினான். “சீக்கிரம்லா, ஏறு ஏறு!”

கடைசிப் படிக்கட்டில் அலை ஏறி இறங்கியது. சின்னம்மா தன் பிள்ளையை இடுப்பிலிருந்து தூக்கித் தோளில் ஏற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். “பிஸ்மில்லா” என்று சத்தமாகச் சொல்லி, வலது காலைப் படகில் வைத்தாள். பின்னால் வந்த கிழவி “மாரியாத்தா, பிஸ்மில்லா” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். நாற்பது பேரும் ஏறி முடியும்வரை சுலைமான் அங்கேயே நின்று, ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்துக்குத் திரும்பும்போது முதலாளி வாசலிலேயே காத்திருந்தார்.

“என்னலா, மன்னிச்சாங்களா?”

சுலைமான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “கேக்கவே மறந்துட்டேன், மொதலாளி.”