ஆயிரம் பேர் காட்டிய மேற்கோள்

வீட்டில் அவருக்கு ‘எலி டாக்டர்’ என்று பெயர். மைத்துனர் வைத்தது. ஊசி போடத் தெரியாது, மருந்துச் சீட்டு எழுதத் தெரியாது, எலியையும் குடுவையையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்!

வேலையிடத்தில் கதையே வேறு. சிறுநீரகச் செல்கள் தழும்பேறி இறுகுவதை ஒரு புரதம் தடுக்கிறது என்று இளவயதில் அவர் எழுதிய கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எழுதியவற்றை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. பதவி உயர்வு, தனி ஆய்வகம், ஜன்னலோர அறை எல்லாம் அந்த ஒற்றைக் கட்டுரை போட்ட பிச்சை.

பழைய செல்களை வைத்துப் புதிதாக எழுதினால், அவை எந்தச் செல்கள் என்று பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்று இதழ்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. ஃப்ரீசரில் கிடந்த பழைய குழாயை எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது. அவை சிறுநீரகச் செல்களே அல்ல. வேகமாகப் பெருகும் ஒரு புற்றுநோய்ச் செல் எப்போதோ குடுவைக்குள் புகுந்து, இருந்தவற்றைத் தள்ளிவிட்டுத் தானே நிறைந்திருக்கிறது. கட்டுரை எழுதிய காலத்தில் உறையவைத்த குழாய் அது; அப்படியென்றால் கட்டுரையில் சொன்னதே தவறு.

‘யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே’ என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். ஆனால் மேற்கோள்களின் எண்ணிக்கை வாயை மூடிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் புதிதாக யாராவது மேற்கோள் காட்டினால் அன்றைய காபி கூடுதலாக இனிக்கும். இப்போது ஒவ்வொன்றும் பளாரென்று அறைந்தது.

ஓராண்டு இப்படியே போனது. பிறகு ஒரு நாள் மைக்ராஸ்கோப் விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கருவியை மேசையில் வைத்து, லென்ஸைத் துடைத்துச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

“சார், உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களை நல்லாத் தெரியும். உங்க கட்டுரையை வச்சுத்தான் பிஎச்.டி. ஆரம்பிச்சேன்.”

“அப்படியா? முடிச்சிட்டீங்களா?”

“எங்க சார்! வருஷக்கணக்கா மல்லுக்கட்டினேன். உங்களுக்கு வந்த ரிசல்ட் எனக்கு ஒரு தடவைகூட வரல. கடைசியில எங்க மேடம், ‘உன் கையில சுத்தம் பத்தாதும்மா’ன்னு சொல்லிட்டாங்க. சரி, நமக்குக் கொடுத்து வைக்கலன்னு வெளிய வந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உண்மையை அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். “மைக்ராஸ்கோப் நல்லா இருக்கு, அனுப்பிடுங்க” என்றுதான் வாயில் வந்தது.

“முதல் தடவையே ஓகே சொன்ன ஆள் நீங்கதான் சார்!” என்று சந்தோஷமாகப் போனாள்.

அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தவரைப் பார்த்து மனைவி, “என்னங்க, சாப்பாட்டுல எதைத் தேடறீங்க?” என்றார். அவர் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர் மனைவி. சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லை.

“அந்தப் பொண்ணு கை சுத்தமாத்தான் இருந்திருக்கு. உங்க குடுவைதான் சுத்தமில்ல.”

“இப்பப் போய்ச் சொன்னா என் பேரு என்ன ஆகும்?”

“சொல்லாம இருந்த இந்த ஒரு வருஷத்துல நீங்க என்ன ஆனீங்க, அதைச் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் கட்டுரையைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினார். கூட எழுதிய பழைய பேராசிரியர் உயிரோடு இல்லை. கேட்க வேறு ஆளும் இல்லை. பிறகு நேரே அந்தப் பெண்ணின் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கருவிகள். பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அவர் சொன்னதை அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“எப்ப தெரியும் சார்?”

“ஒரு வருஷமா.”

“அப்ப அன்னைக்கு நான் சொன்னப்ப?”

“தெரியும்மா.”

“அதுக்குத்தான் பேரம் பேசாம வாங்கினீங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் போனை எடுத்து யாரையோ அழைத்து, அவர் கையில் கொடுத்தாள். “எங்கப்பா. நான் சோம்பேறித்தனத்துல பாதியில விட்டுட்டேன்னு இன்னமும் நினைச்சுட்டிருக்கார். நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்க சொல்லுங்க.”

பெரிய பெரிய மேடைகளில் தடங்கலின்றிப் பேசியவர், முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

“அப்ப எம் பொண்ணு மேல தப்பு இல்லையா?”

“இல்லைங்க. தப்பு என்னோடது.”

“நான் அவளை என்னென்னவோ பேசிட்டேனே, சார்…” மறுமுனையில் குரல் உடைந்தது.

அவள் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, “சரிப்பா… விடுங்கப்பா…” என்றாள். இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மெல்ல எழுந்து வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்கவே மறந்துவிட்டோம் என்பது தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

விசாரணை நடந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆய்வகம் பாதியானது. ஆனாலும் மேற்கோள்கள் நிற்கவில்லை. எங்கேயோ யாரோ இன்னமும் அதைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம், ‘அது தவறு, நீக்கிவிடுங்கள்’ என்று அவரே எழுதிப் போடுகிறார். பலர் பதில் போடுவதில்லை. ஒருவர் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: “படிக்கவில்லை ஐயா. எல்லோரும் காட்டுகிறார்களே என்று நானும் காட்டினேன்.”